தம்பிக்குக் காய்ச்சல், ராத்தாவுக்கு லீவு



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள். உம்மாமாருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. வாப்பாமார் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, தரம் 9 வகுப்பில் இடாப்புக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். முந்தின கிழமை மூன்று நாள் வராமல் இருந்த ஒரு பிள்ளை கடிதத்தோடு வந்து நின்றாள். "எனது மகளுக்குக் காய்ச்சல் காரணமாக..." என்று தொடங்கும் வழமையான கடிதம். கையொப்பம் வாப்பாவுடையது, எழுத்து அவளுடையது.

"இப்ப சுகமா மகள்?" என்று கேட்டேன்.

"எனக்கு இல்ல சேர், தம்பிக்கு. உம்மா ஆஸ்பத்திரில நின்ட. ஊட்டுல சின்னதுகளப் பார்க்க ஆரும் இல்ல."

அவளுடைய நானா எங்கள் பாடசாலையில்தான் தரம் 11 படிக்கிறான். அவனுக்கும் நான்தான் கணிதம். அந்த மூன்று நாளும் அவன் வந்திருந்தான், பின்வாங்கில் இருந்து கதைத்ததற்கு ஏச்சும் வாங்கியிருந்தான். வீட்டில் ஆரும் இல்லை என்று அவள் சொன்னபோது அவன் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. அவளுக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

அன்று இடைவேளையில் இடாப்பைப் பின்னுக்குப் புரட்டிப் பார்த்தேன். மழை விட்டு நுளம்பு கூடும் மாதங்களில் வராத நாள் அதிகமாக இருந்த பிள்ளைகளில் கூடுதலானவர்கள் பெண்பிள்ளைகள். அதிலும் வீட்டுக்கு மூத்தவர்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டேன். "தங்கச்சிக்கு அம்மாள் போட்ட", "தம்பிக்கு வயித்தால போன", "உம்மாக்கு ஏலாது". கடிதங்களில் மட்டும் எல்லோருக்கும் அவர்களுடைய சொந்தக் காய்ச்சல்.

இதை எழுதி ஊருக்குப் புத்தி சொல்ல நான் வரவில்லை. ஏனென்றால் அந்தக் கடிதத்தை நானும் எழுதியிருக்கிறேன்.

எங்களுக்கு ஆறு பிள்ளைகள், அல்ஹம்துலில்லாஹ். மூத்தது மகள், அடுத்தது மகன், பிறகு இரண்டு பெண்கள், கடைசியில் இரண்டு பையன்கள். மனைவி வீட்டில் இருந்து தைக்கிறாள். எங்கள் பக்கத்து வழமைப்படி நான் இருப்பது மனைவியின் வீட்டில். மாமி பக்கத்து வளவில் இருக்கிறார், ஆனால் அவருக்குச் சீனி, முழங்கால் வருத்தம். சுபஹுக்குப் பிறகு எங்கள் வீட்டைப் பார்த்தால் பஸ் நிலையம் மாதிரி இருக்கும். ஒரு பாத்ரூம், ஐந்து பேருக்கு யூனிபோர்ம், ஒருவருக்குச் சொக்ஸ் ஒன்று காணாது, ஒருவருக்குக் கொப்பி காணாது, பாண் ஓட்டோ ஒழுங்கையில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகும்போதுதான் பாண் இல்லை என்பது நினைவு வரும். ஆனாலும் ஏழேகாலுக்குள் எல்லோரும் வெளிக்கிட்டுவிடுவோம். அந்த ஓட்டம் பழகிப்போன ஓட்டம்.

காய்ச்சல் வந்தால்தான் எல்லாம் குழம்பும். ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நான்கைந்து நாளில் முடிந்துவிடும். ஆறு பிள்ளை இருக்கும் வீட்டில் அது வரிசையில் வரும். சின்னவனுக்கு வந்து மாறும்போது மற்றவனுக்கு, அவன் எழும்பும்போது தங்கச்சிக்கு. மூன்று கிழமைக்கு வீடு ஆஸ்பத்திரிதான். தடிமன், இருமல், வாந்தி, வயிற்றோட்டம் என்று பெயர் மட்டும் மாறும்.

இரண்டு வருடத்துக்கு முந்திய மாரியில் இதுதான் நடந்தது. முதலில் கடைசி மகனுக்குக் காய்ச்சல். அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு மூத்தவனுக்கும் மேல் சுட்டது. அப்போது அவனுக்கு ஏழு வயது. ஒரே காய்ச்சல்தான் தொற்றிவிட்டது என்று நினைத்தோம். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு நான் அவனுக்குப் பெனடோல் சிரப் கொடுத்தேன். அது தெரியாமல் பத்து மணிக்கு மனைவி கொடுத்திருக்கிறாள். இடையில் எழும்பி அழுதான் என்று மாமியும் கொடுத்திருக்கிறார். மூன்று பேரும் அன்பில்தான் கொடுத்தோம். பெனடோல் அளவுக்கு மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும் என்று பிறகுதான் டொக்டர் சொல்லித் தெரிந்தது.

ஞாயிறு காலையில் வயிறு நோகுது என்றான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டொக்டர் முதலில் கேட்ட கேள்வி, "காய்ச்சல் எத்தனையாவது நாள்?"

மனைவி, "சனிக்கிழமையிலிருந்து" என்றாள். மாமி, "இல்ல மகள், வெள்ளி ராவே மேல் கணகணத்த" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது. நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்போது சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவடியில் நின்ற மூத்த மகள் சொன்னாள்: "வியாழன் பின்னேரம் ஓதப் போய் வந்த நேரமே காய்ச்சல். அண்டைக்கு அவன் சோறும் தின்னல்ல."

டொக்டர் எங்களை விட்டுவிட்டு அவளைப் பார்த்துத்தான் மிச்சக் கேள்வி எல்லாம் கேட்டார். எத்தனை தரம் வாந்தி, கடைசியாக எப்போது சலம் போனான், என்ன குடித்தான். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பதினான்கு வயது.

எங்கள் கணக்குப்படி இரண்டாவது நாள். மகளின் கணக்குப்படி நான்காவது நாள். டெங்கில் இந்த இரண்டு நாள் வித்தியாசம் சின்ன விசயம் இல்லை. இரத்தப் பரிசோதனையை மூன்றாம் நாளிலாவது செய்ய வேண்டும் என்பார்கள். பிள்ளை சோர்ந்திருந்தால் அதற்கும் முதல். ஆபத்தான கட்டம் காய்ச்சல் கொதிக்கும் நேரம் இல்லை, காய்ச்சல் இறங்கும் நேரம். இரத்தக் குழாயிலிருந்து நீர்த்தன்மை வெளியே கசியத் தொடங்குவது அப்போதுதான். அந்த ஒன்றிரண்டு நாளைத் தவறவிட்டால் பிள்ளை கைவிட்டுப் போகும்.

எங்கள் மகனுக்குத் திங்கட்கிழமை காய்ச்சல் இறங்கியது. நான் சந்தோசத்தில், "துண்டு வெட்டித் தருவாங்களா?" என்று கேட்டேன். வாட்டில் இருந்த நேர்ஸ், "சேர், இனித்தான் நாங்க கவனமாப் பார்க்கணும்" என்றார். அன்றும் அடுத்த நாளும் மணிக்கொரு தரம் பார்த்தார்கள். குடித்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று எல்லாம் எழுதினார்கள். வியாழக்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். அல்லாஹ் காப்பாற்றினான். அந்த டொக்டர்மாருக்கும் நேர்ஸ்மாருக்கும் நாங்கள் ஒரு சதமும் கொடுக்கவில்லை. துஆ மட்டும்தான்.

2017 ஐ நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஒரு வருடத்தில் நாட்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். நம் கிழக்கில் கிண்ணியா பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு மாரியிலும் நாம் நாள் எண்ணாமல்தான் இருக்கிறோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது டெங்கு மட்டும் இல்லை.

அந்த ஐந்து நாளும் மனைவி வாட்டில் மகனோடு. தாய்மார்தான் கூட நிற்கலாம். வீட்டில் மற்ற ஐந்து பிள்ளைகள், அதில் ஒன்றுக்கு இன்னும் காய்ச்சல் முழுதாக மாறவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? திங்கட்கிழமை காலையில் வெளிக்கிட்டுப் பாடசாலைக்குப் போனேன். பாடத்திட்டம் முடிக்க வேண்டும், தவணைப் பரீட்சை வருகிறது என்று காரணம் சொன்னேன். மகனும் போனான். சமைத்தது, சின்னவனுக்கு மருந்து கொடுத்தது, தங்கச்சிமாருக்குத் தலைவாரிப் பாடசாலைக்கு அனுப்பியது, ஆஸ்பத்திரிக்குச் சோறு கட்டியது எல்லாம் மூத்த மகள். நான் ஊரார் பிள்ளைகளின் இடாப்பில் வரவு போட்டுக்கொண்டிருந்தேன். வேறொரு பாடசாலையில் இன்னொரு ஆசிரியை என் மகள் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று குறித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளியும் போகவில்லை. ஞாயிறு இரவு அவள் ஒரு தாளும் பேனையும் கொண்டு வந்தாள். "வாப்பா, லீவு லெட்டர் எழுதித் தாங்க. காரணம் என்ன எழுதுற?"

நான் யோசிக்காமல் எழுதினேன். "காய்ச்சல் காரணமாக." பொய் இல்லை, காய்ச்சல் உண்மைதான். யாருக்கு என்று நான் எழுதவில்லை. அவள் வாசித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மடித்துப் புத்தகப் பைக்குள் வைத்தாள்.

அந்தத் தவணை முடிவில் ரிப்போட் வந்தது. கணிதத்தில் 78 இலிருந்து 51 க்கு இறங்கியிருந்தாள். நான் கணித ஆசிரியர். கோபப்பட்டேன். "போனைப் பார்த்துக்கொண்டு இருந்தால் இப்படித்தான்" என்றும் சொன்னேன். அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவள் திருப்பிக் கதைக்கவில்லை. மனைவிதான் இரவு சொன்னாள்: "காரணிப்படுத்தல் படிப்பிச்ச கிழமை அவள் ஊட்டுல கஞ்சி காச்சின."

அன்று இரவு கலண்டரை எடுத்துவைத்து அந்த வருடத்தை எண்ணினேன். மகள் பாடசாலைக்குப் போகாத நாள் 19. அதில் அவளுக்கே சுகமில்லாமல் இருந்தது 4 நாள். மிச்சம் 15 நாளும் மற்றவர்களின் நோய். மகன் வீட்டில் யாருக்கும் சுகமில்லை என்று நின்ற நாள் ஒன்றுகூட இல்லை. எனக்கு, ஒரு அரச பாடசாலை ஆசிரியருக்கு, வருடத்துக்கு 41 நாள் லீவு இருக்கிறது. அமய லீவு 21, சுகவீன லீவு 20. பிள்ளைகளின் நோய்க்காக அந்த வருடம் நான் எடுத்தது 2 நாள். கலியாணங்களுக்கும் காணி விசயத்துக்கும் அதைவிடக் கூட எடுத்திருக்கிறேன்.

லீவு உரிமை உள்ள நான் எடுக்கவில்லை. லீவு என்ற ஒன்றே இல்லாத பிள்ளை எடுத்திருக்கிறாள்.

என் கருத்து இவ்வளவுதான். பெரிய குடும்பத்தில் நோய் வரும், அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் அந்தச் சுமையை மூத்த பெண்பிள்ளையின் படிப்பிலிருந்து வெட்டி எடுப்பது விதி இல்லை. அது நாம் கேட்காமல் செய்துகொண்டிருக்கும் ஒரு ஏற்பாடு. நாம் செய்த ஏற்பாட்டை நாமே மாற்றலாம்.

இதைச் சில நண்பர்களிடம் சொன்னபோது வந்த பதில்களையும் சொல்கிறேன்.

"பொம்புளப் புள்ள வீட்டு வேலை பழகத்தானே வேணும்?" பழகட்டும். ஆம்பிளப் பிள்ளையும் பழகட்டும். சனிக்கிழமை பழகலாம், இரண்டு மணிக்குப் பிறகு பழகலாம். கஞ்சி காய்ச்சுவதை எந்த வயதிலும் பழகலாம். ஆனால் தரம் 9 இல் காரணிகள் விளங்காதவளுக்குத் தரம் 10 இல் இருபடிச் சமன்பாடு விளங்காது. தரம் 10 இல் விளங்காதது ஓ/எல்லில் தெரியும். பிறகு, "இவளுக்குப் படிப்பு ஏறாது" என்று நாமே முடிவெடுத்துவிடுவோம். ஏறாமல் இருந்தது படிப்பு இல்லை, அவள் வகுப்பில் இல்லை.

"ஆம்பிளைக்குப் பிள்ளை பார்க்கத் தெரியுமா?" தெரியாது, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஏழு வயது மகனின் நிறை எத்தனை கிலோ என்றுகூடத் தெரியாது. படித்தால் வரும். வீட்டில் இருக்கும்போது ரசூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்று ஆயிஷா ரழியல்லாஹு அன்ஹா சொன்னதை நாம் எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், "தேத்தண்ணி கொண்டா" என்கிறோம்.

"உங்களுக்கு அரச உத்தியோகம் சேர், கடலுக்குப் போறவனுக்கு ஆரு லீவு குடுப்பான்?" இது நியாயமான கேள்வி. நாள் கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் நின்றால் அன்று அடுப்பு எரியாது. வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவால் வந்து பார்க்க முடியாது. அவர்களை என்னோடு ஒப்பிட்டுச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த வீடுகளிலும் சாச்சி இருக்கிறார், மாமா இருக்கிறார், படிப்பு முடித்துவிட்டுச் சந்தியில் நிற்கும் காக்கா இருக்கிறார். பக்கத்து வளவில் ராத்தாவும் தங்கச்சியும் குடியிருப்பது நம் ஊர்களின் பலம். ஐந்து நாளை ஐந்து பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு நாள்தான். அந்த வரிசையில் மூத்த மகளின் பெயரும் ஒரு நாளுக்கு வரலாம். ஐந்து நாளுக்கும் வரக்கூடாது.

சரி, எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். உங்களுக்குப் பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, ஒரு கொப்பி. குசினிக் கதவில் கயிற்றில் தொங்குகிறது, பேனையும் கட்டியிருக்கிறது. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல் வேலை பெயர், திகதி, நேரம் எழுதுவது. காய்ச்சல் தொடங்கிய நாள்தான் முதலாம் நாள். பிறகு வெப்பமானி காட்டியது எவ்வளவு, எந்த மருந்து, எத்தனை மில்லிலீற்றர், எத்தனை மணிக்கு, கொடுத்தவர் யார், கடைசியாகச் சலம் போனது எப்போது. கொப்பியில் எழுதாமல் யாரும் மருந்து கொடுக்க முடியாது, மாமி உட்பட. மாமி பேரனைக் கூப்பிட்டு எழுதச் சொல்வார். டொக்டரிடம் போகும்போது கொப்பியும் போகும்.

இரண்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் ஆறு பேரின் நிறை. பெனடோல் அளவு வயதுக்கு இல்லை, நிறைக்கு. சிரப் போத்தலுக்குப் போத்தல் செறிவும் மாறலாம், லேபலைப் பார்க்க வேண்டும். எங்களுக்கு டொக்டர் சொல்லித் தந்தது ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், நாளைக்கு நாலு தரத்துக்கு மேல் இல்லை. அதே பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறோம்: காய்ச்சலுக்குப் பெனடோல் தவிர இபுப்ரோபென், டைக்ளோபெனாக், மெபனமிக் அசிட், அஸ்பிரின் எதுவும் டொக்டர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது. டெங்காக இருந்தால் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். கடும் வயிற்றுநோ, நிற்காத வாந்தி, கை கால் குளிர்தல், தூங்கி வழிதல், சலம் குறைதல், இரத்தக்கசிவு, இதில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று பார்க்கக்கூடாது. சுவசெரிய அம்பியூலன்ஸ் இலக்கம் 1990, இலவசம். டெங்குச் சந்தேகம் இருக்கும்போது சிவப்பு, கறுப்பு நிறப் பானம் வேண்டாம். வாந்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று பிரிக்க முடியாது.

மூன்று, ஒருவரின் மருந்து மற்றவருக்கு இல்லை. முன்பு தங்கச்சிக்குத் தந்த அன்டிபயோட்டிக்கில் மிச்சம் இருந்தால் தம்பிக்குக் கொடுப்போம். "அதே இருமல்தானே" என்று. இப்போது இல்லை.

நான்கு, கிளினிக் காட்டுகளைக் கொப்பியோடு ஒரே உறையில் வைத்தோம். முதல் பிள்ளையின் தடுப்பூசி நாள் எல்லோருக்கும் பாடம். ஐந்தாவது, ஆறாவது பிள்ளையின் நாள் மறந்துவிடும். கடைசி மகனுக்கு மூன்று வயதில் போடவேண்டிய எம்எம்ஆர் இரண்டாம் ஊசியை நாங்கள் மறந்தே போனோம். மிட்வைஃப் மிஸ் கோல் எடுத்துத்தான் கூட்டிப் போனோம். 2019 இல் சின்னமுத்து ஒழிந்த நாடு என்று பெயரெடுத்த இலங்கையில் 2023 இல் அது திரும்பவும் வந்தது. ஊசி தவறிய பிள்ளைகள் இருக்கும் இடத்தைத் தேடித்தான் அது வரும்.

ஐந்து, முறை வைத்தது. இதுதான் கடினமானது. பாடசாலை நாளில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாள் நான் லீவு. இரண்டாம் நாள் மனைவி தையலை நிறுத்துவாள். மூன்றாம் நாள் மாமியும் மனைவியின் தங்கச்சியும். மகளும் மகனும் பாடசாலை விட்டு வந்த பிறகுதான் முறைக்கு வருவார்கள், இரண்டு பேரும் சரிசமமாக. இரவு ஒரு மணி வரை நான் விழித்திருப்பேன், பிறகு மனைவி.

எல்லாம் நேர்த்தியாக நடந்தது என்று எழுதினால் பொய். மகன் முதல் நாள் காய்ச்சிய கஞ்சியைப் பூனையும் தொடவில்லை. லீவு கேட்டபோது, "ஏன் சேர், வீட்டுல மனிசி இல்லையா?" என்று ஓய்வறையில் ஒருவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன், ஆனால் மனது சுட்டது. பிள்ளையோடு தனியாக நின்ற முதல் நாள் மத்தியானத்துக்குள் மனைவிக்கு ஏழு தரம் கோல் எடுத்தேன். எட்டாவது தரம் அவள் எடுக்கவில்லை. வெப்பமானியை எத்தனை நிமிடம் வைப்பது, ஜீவனியை எவ்வளவு தண்ணீரில் கரைப்பது, எத்தனை மணித்தியாலத்தில் கொட்டுவது என்று பக்கெற்றை வாசித்து வாசித்துத்தான் படித்தேன். நாற்பத்தாறு வயதில் படித்தேன். இதையெல்லாம் பதினான்கு வயதில் என் மகள் யாரும் சொல்லிக் கொடுக்காமல் படித்திருந்தாள்.

இந்த வருடம் இதுவரை அவள் 4 நாள் போகவில்லை. 3 நாள் அவளுக்கே காய்ச்சல். ஒரு நாள் மட்டும் எனக்குப் பரீட்சைக் கடமை, மனைவிக்கும் ஏலாது, அவள் நின்றாள். அன்று கடிதத்தில், "தம்பிக்குச் சுகமில்லாததால் வீட்டில் நிற்க வேண்டி வந்தது" என்று உள்ளதை எழுதிக் கையொப்பம் வைத்தேன். அவளுடைய வகுப்பாசிரியை பாடக் குறிப்புகளைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை லீவு முடிந்து வந்தால், "ஏன் வரல்ல?" என்று எழுப்பி நிறுத்தும் முதல், "ஆருக்குச் சுகமில்ல?" என்று தனியாகக் கேளுங்கள். கடிதத்தில் உண்மையை எழுதினால் ஏச்சு விழாது என்று தெரிந்தால் உண்மையை எழுதுவார்கள். தவறிய பாடத்துக்கு ஒரு வழி செய்யுங்கள். முழு வரவுக்குப் பரிசு கொடுக்கும் பாடசாலைகள் அதையும் யோசிக்க வேண்டும். அந்தப் பரிசுக்காகக் காய்ச்சலோடு பெனடோல் குடித்துவிட்டு வரும் பிள்ளைகள் ஒரு பக்கம். தம்பியைப் பார்த்ததால் எந்த நாளும் அந்த மேடை ஏறாத பிள்ளைகள் மறுபக்கம். இந்த நாட்டில் 16 வயது வரை கல்வி கட்டாயம். மூத்த மகளுக்கும் அந்தச் சட்டம்தான்.

முதலில் சொன்ன பிள்ளையின் வாப்பாவுக்கு நான் கோல் எடுத்தேன். வேன் ஓட்டுகிறார். "சேர், வேற ஆரு பார்க்கிற, சொல்லுங்க பார்ப்பம்?" என்று கொஞ்சம் சூடாகத்தான் கேட்டார். நான் சட்டம் கதைக்கவில்லை. என் வீட்டு 19 நாள் கதையைச் சொன்னேன், 51 புள்ளிக்கு நான் ஏசியதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "பெரியவனுக்கு இந்த வருசம் ஓ/எல் சேர்" என்றார். "இவளுக்கு அடுத்தடுத்த வருசம்" என்றேன். "பார்ப்பம் சேர்" என்று வைத்துவிட்டார். எனக்குப் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை.

போன கிழமை அந்த வீட்டில் சின்ன மகளுக்குக் காய்ச்சல். முதல் நாள் அவள் வரவில்லை. இரண்டாம் நாள் இரண்டாம் பாடவேளைக்குப் பிந்தி வந்தாள், மூச்சு வாங்க. "வாப்பா ஹயர் ஒண்ட விட்டுட்டு ஊட்டுல நிற்கார் சேர்" என்றாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது. "அவருக்குத் தங்கச்சிட மருந்துப் போத்தல் எதுன்டு தெரியா. நான் பேப்பர்ல எழுதி ஒட்டிட்டு வந்த."

பிந்தி வந்ததற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இடாப்பை எடுத்து வரவு போட்டேன்.

வாப்பாமாரே, இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். மூத்த மகளின் ரிப்போட்டை எடுத்துப் புள்ளிகளைப் பார்க்கும் முதல் வராத நாட்கள் எத்தனை என்று பாருங்கள். பிறகு அவளைக் கூப்பிட்டு, ஏசாமல், அதில் எத்தனை நாள் அவளுடைய காய்ச்சல் என்று கேளுங்கள். பதில் கேட்டபின் என்ன செய்வது என்று உங்களுக்கே தெரியும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தரட்டும். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும்.